ரத்தக் கணக்கு டேலி ஆகிறதா?

உலகத்தில் யாரும் எதிர்க்கேள்வி கேட்காத விஷயங்கள் இரண்டு. ஒன்று, மேனேஜர் அடிக்கும் ஜோக். இரண்டு, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்.

காய்கறிக் கடையில் கால் கிலோ வெண்டைக்காய் வாங்கும்போது, எலெக்ட்ரானிக் தராசில் நம்பர் ஆடி அடங்கும் வரை கண்ணைச் சிமிட்டாமல் பார்க்கிறோம். 'தட்டோட எடையைக் கழிச்சீங்களா?' என்று கறாராகக் கேட்கிறோம். அதே ஆசாமி ஆயிரக்கணக்கில் பணம் கட்டி ஸ்கேன் எடுத்தால், அந்தப் பெரிய கவரைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் மடங்காமல் மடியில் வைத்துப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருகிறார். இந்த மெஷின் சொல்வது சரிதானா, யார் சரிபார்த்தார்கள், எதை வைத்துச் சரிபார்த்தார்கள்? மூச்!

இந்த வாரம் அதைக் கொஞ்சம் கேட்டுப் பார்ப்போம். எல்லா ஸ்கேனையும் இழுத்தால் பக்கம் போதாது. ஒன்றே ஒன்று. உடம்புக்குள் ஓடும் ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று, ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமல், வெளியிலிருந்து படம் பிடித்தே சொல்கிறார்கள். அதை எப்படி நம்புவது?

'பி.காம். படித்தவனுக்கு இது எதற்கு?' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. சார், பி.காம். படித்தவனுக்குத்தான் இது சட்டென்று புரியும். பேங்க் ரீகன்ஸிலியேஷன் ஸ்டேட்மென்ட் என்று எங்களுக்கு ஒரு பாடம். நம் கேஷ் புக்கில் ஒரு பாக்கி இருக்கும், பேங்க் பாஸ் புக்கில் வேறு பாக்கி இருக்கும். இத்தனைக்கும் இரண்டும் ஒரே பணம். வித்தியாசம் எங்கே, எவ்வளவு, ஏன் என்று வரி வரியாக டிக் அடித்துக் கண்டுபிடித்தால் பரீட்சையில் மார்க், ஆபீஸில் வேலை. டாக்டர்கள் இதற்கு வேலிடேஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேஷ் புக் என்பது ஸ்கேன். பாஸ் புக் என்பது உண்மையாகவே ரத்தம் எடுத்துச் சோதித்த அளவு. இரண்டும் டேலி ஆகிறதா? விஷயம் அவ்வளவுதான்.

நிற்க. முதலில் ரத்தத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவைச் சொல்லிவிடுகிறேன்.

ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதை ஒரு ஷேர் ஆட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டோவில் நாலு சீட். நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி டிரைவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் கதையெல்லாம் கிடையாது. நாலு என்றால் கண்டிப்பாக நாலு. ஒவ்வொரு சீட்டிலும் ஓர் இரும்பு அணு, அதில் ஓர் ஆக்ஸிஜன் உட்காரும். மொத்த சீட்டில் எத்தனை சதவிகிதம் நிரம்பியிருக்கிறது என்பதுதான் 'ஆக்ஸிஜன் சாச்சுரேஷன்'. நுரையீரல் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும்போது நூற்றுக்கு 97, 98 சீட் நிரம்பியிருக்கும். உடம்பெல்லாம் சுற்றி இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது 70, 75.

இதில் ஒரு வேடிக்கை. சீட்டில் ஆள் இருந்தால் அந்த இரும்பு காந்தத்தைக் கண்டுகொள்ளாது. சீட் காலியானால் அதுவே குட்டிக் காந்தம் மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்துவிடும். 1845-ல் மைக்கேல் ஃபாரடே கையில் கிடைத்ததையெல்லாம் காந்தத்துக்கு நடுவே தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உலர்ந்த ரத்தத்தையும் பார்த்தார். இரும்பு இருந்தும் காந்தம் அதை இழுக்கவில்லையே என்று ஆச்சரியப்பட்டு, புது ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்று நோட்டில் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புக்கு விடை கிடைக்க 91 வருஷம் ஆயிற்று. 1936-ல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோர்யெலும் ஆக்ஸிஜன் உள்ள ரத்தம் ஒரு மாதிரியும், இல்லாத ரத்தம் வேறு மாதிரியும் காந்தத்திடம் நடந்துகொள்வதை அளந்து சொன்னார்கள்.

அப்போது எம்.ஆர்.ஐ. கிடையாது. அது வந்த பிறகுதான் இந்தத் தகவலுக்கு மவுசு. எம்.ஆர்.ஐ. மெஷின் உடம்பில் உள்ள தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்களைத் தட்டி எழுப்பி, எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் ஆட வைத்து, அந்தச் சத்தம் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கேட்கிறது. கச்சேரியில் நூறு பேர் ஒரே தாளத்தில் தொடை தட்டும்போது, நடுவில் பத்துப் பேர் தப்புத் தாளம் போட்டால் என்ன ஆகும்? எல்லாமே குழம்பி சீக்கிரம் நின்றுவிடும். ஆக்ஸிஜன் இல்லாத ஹீமோகுளோபின்தான் அந்தத் தப்புத் தாளப் பார்ட்டி. அது அதிகமானால் சிக்னல் சீக்கிரம் சாகும். இப்படி அடங்கும் நேரத்துக்கு டி-2 என்று பெயர். ரத்தத்தின் டி-2, ஆக்ஸிஜனைப் பொறுத்து மாறுகிறது என்பதை 1982-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் கீத் தல்பார்னும் சகாக்களும் காட்டினார்கள். 1990-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் (டெலிபோன் கம்பெனியேதான்) செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானியர், எலி சுவாசிக்கும் காற்றை மாற்றி மாற்றி, அதன் மூளையின் ரத்தக் குழாய்கள் படத்தில் கருத்து வெளுப்பதைக் காட்டினார். இன்றைக்கு 'காதலிக்கும்போது மூளையில் இந்த இடம் எரிகிறது' என்று பத்திரிகைகளில் வருகிற கலர்ப் படங்களுக்கெல்லாம் அவர்தான் பிள்ளையார் சுழி.

அந்தக் கலர்ப் படங்களைப் பற்றி ஒரு கொசுறு. 2009-ல் அமெரிக்காவில் கிரெய்க் பென்னெட் என்ற ஆய்வாளரும் நண்பர்களும் கடையில் ஒரு சால்மன் மீன் வாங்கினார்கள். செத்த மீன். அதை ஸ்கேனருக்குள் படுக்க வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, 'இவர் எந்த மனநிலையில் இருக்கிறார், சொல்' என்று கேட்டார்கள். கணக்கைச் சரியாகத் திருத்தாமல் போட்டால், மீனின் மூளையில் ஓர் இடம் பளிச்சென்று சிவப்பாக எரிந்தது! ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதித்தால் சிலது தற்செயலாகவே 'ஆமாம்' சொல்லும் என்பதைக் காட்டத்தான் இந்தக் கூத்து. 2012-ல் இதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, படத்தில் கலர் தெரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது என்றுகூட அர்த்தம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இங்கே கவனிக்க வேண்டியது, எம்.ஆர்.ஐ. மெஷின் ஆக்ஸிஜனைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது நேரத்தை, ஒரு விநாடியின் துணுக்குகளை. 'இத்தனை மில்லி விநாடி என்றால் இத்தனை சதவிகிதம்' என்று ஒரு ஃபார்முலா போட்டு நமக்கு ஆக்ஸிஜன் கணக்கு சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் கரண்ட் பில்லைப் பார்த்து அவர் சம்பளத்தைச் சொல்கிற மாதிரி. பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் அந்த வீட்டில் பத்துப் பேர் இருந்தால்? ரத்தத்திலும் அதேதான். சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்தும் டி-2 மாறும். ரத்தசோகை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே ஃபார்முலா போட்டால் கணக்கு உதைக்கும். மெஷினின் காந்த பலம் மாறினாலும் ஃபார்முலா மாறும்.

'உதைத்தால் உதைக்கட்டும், ரெண்டு மூணு பர்சென்ட்தானே' என்று ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் சொன்னான்.

'மாப்ளே, ரெண்டு மூணு பர்சென்ட்டுக்குத்தானேடா மார்ச் மாசம் முழுக்க ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்றே?' என்றேன்.

'அது பணம்டா. இது வெறும் காத்து.'

காத்துதான். ஆனால் அந்தக் காத்தை வைத்து என்ன முடிவெடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

சில குழந்தைகள் இதயத்தில் ஓட்டையுடன் பிறக்கின்றன. இடது பக்கத்து நல்ல ரத்தம், ஓட்டை வழியாக வலது பக்கத்துக்கு ஒழுகி, மறுபடியும் நுரையீரலுக்கே போகிறது. ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவர் மறுபடி கியூவில் நிற்கிற மாதிரி. எவ்வளவு ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க, டாக்டர்கள் தொடையிலிருந்து மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு, அறை அறையாக ரத்தம் எடுத்து ஆக்ஸிஜனை அளப்பார்கள். வலது பக்கத்தில் திடீரென்று ஆக்ஸிஜன் எகிறினால், அங்கே கணக்கில் வராத வரவு இருக்கிறது. எங்கிருந்து வந்தது? ஓட்டை வழியாக. சுத்தமான தணிக்கை வேலை!

இதற்கு ஆதாரமான கணக்கை 1870-ல் ஜெர்மனியைச் சேர்ந்த அடால்ஃப் ஃபிக் சொன்னார். வரவு, செலவு, வித்தியாசம், அவ்வளவுதான். ஓர் உதாரணம் போடுகிறேன். உடம்புக்குப் போகும் ரத்தம் 98, திரும்பி வருவது 70. வித்தியாசம் 28. நுரையீரலிலிருந்து வருவது 98, நுரையீரலுக்குப் போவது 84. வித்தியாசம் 14. 28-ஐ 14-ஆல் வகுத்தால் 2. அதாவது உடம்புக்கு ஒரு பங்கு ரத்தம் போனால், நுரையீரலுக்கு இரண்டு பங்கு போகிறது. பொதுவாக இந்த எண் 1.5-ஐத் தொட்டாலே ஓட்டையை அடைக்கும் பேச்சு வரும்.

இப்போது அந்த 84-ஐ ஸ்கேன் தவறாக 78 என்று படித்துவிட்டது என்று வையுங்கள். வெறும் 6 புள்ளிதான். வித்தியாசம் 20 ஆகிவிடும். 28-ஐ 20-ஆல் வகுத்தால் 1.4. 'இப்போதைக்கு வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம்' என்று குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாம். எந்த டாக்டரும் இந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க மாட்டார் என்பது நம் அதிர்ஷ்டம். ஆனாலும் 6 புள்ளி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்காகச் சொன்னேன். நண்பன் அதற்குப் பிறகு 'வெறும் காத்து' என்று சொல்லவில்லை. கால்குலேட்டரை எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தான். (தொழில் புத்தி.)

குழாய் விடாமலே எம்.ஆர்.ஐ. இதைச் சொன்னால் எவ்வளவு புண்ணியம்! குழந்தைக்கு ஊசி இல்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை. அதனால்தான் முயற்சிக்கிறார்கள். 1991-லேயே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கிரஹாம் ரைட்டும் சகாக்களும் டி-2 நேரத்தை வைத்து ரத்த ஆக்ஸிஜனை மதிப்பிடும் முறையைத் தந்துவிட்டார்கள். அதைச் சரிபார்ப்பது எப்படி?

முதல் கட்டம், குழாயில். ரத்தத்தை உறையாமல் மருந்து கலந்து எடுத்து, அதில் ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் விதவிதமான அளவில் கலந்து, 95 சதவிகித ரத்தம், 80 சதவிகித ரத்தம், 60 சதவிகித ரத்தம் என்று தயாரிக்கிறார்கள். சூடு சரியாக 37 டிகிரி இருக்க வேண்டும். குழாயைச் சும்மா வைத்தால் சிவப்பணுக்கள் சாம்பார் பருப்பு மாதிரி அடியில் தங்கிவிடும். அதனால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு ஸ்கேனரில் வைத்து டி-2 அளந்து, அதே ரத்தத்தை லேப் கருவியில் கொடுத்து உண்மையான ஆக்ஸிஜனை அளந்து, இரண்டையும் கோடு போட்டு இணைத்தால் ஃபார்முலா தயார்.

அடுத்த கட்டம், உயிருள்ள உடம்பில். ஆடு உதவிக்கு வரும். அதற்கும் அடுத்து, ஏற்கெனவே குழாய் விட்டுப் பரிசோதிக்க வேண்டிய நோயாளிகளிடம் ஸ்கேனும் எடுத்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்கேன் வெள்ளிக்கிழமை விழித்திருக்கும்போது எடுத்தது. குழாய் திங்கட்கிழமை மயக்க மருந்தில் விட்டது. மயக்கத்தில் மூச்சு மாறும், ஆக்ஸிஜன் மாறும். வெள்ளிக்கிழமை கேஷ் புக்கையும் திங்கட்கிழமை பாஸ் புக்கையும் வைத்துக்கொண்டு 'டேலி ஆகலையே' என்று அழுதால் எந்த ஆடிட்டர் கேட்பார்? ஒரே நாள், முடிந்தால் ஒரே மணி நேரம் வேண்டும்.

எல்லாம் எடுத்தாயிற்று. இப்போது ஒப்பிட வேண்டும். இதில்தான் பெரிய பெரிய ஆட்களே வழுக்கி விழுந்திருக்கிறார்கள். இரண்டு அளவுகளையும் கம்ப்யூட்டரில் போட்டு, 'ஒன்று ஏறினால் இன்னொன்றும் ஏறுகிறது, தொடர்பு 0.95, ஆகா!' என்று கைகுலுக்கிக்கொள்வார்கள். உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் சரியாகப் பத்து நிமிஷம் லேட். ரயில்வே ஸ்டேஷன் கடிகாரம் சரியாக ஓடுகிறது. ஒன்று நகர்ந்தால் இன்னொன்றும் நகர்கிறது. தொடர்பு நூற்றுக்கு நூறு. ஆனால் ரயில் போய்விடும், சார்!

இதை உடைத்துச் சொன்னவர்கள் இங்கிலாந்தின் இரண்டு புள்ளியியல்காரர்கள், மார்ட்டின் பிளாண்டும் டக்ளஸ் ஆல்ட்மனும். 1986-ல் லான்செட் பத்திரிகையில் எழுதிய சின்னக் கட்டுரையில் அவர்கள் சொன்ன யோசனையை ஒரு ஜூனியர் கிளார்க்கே சொல்லியிருக்கலாம்: இரண்டையும் கழித்துப் பார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஸ்கேன் அளவுக்கும் லேப் அளவுக்கும் என்ன வித்தியாசம்? அந்த வித்தியாசங்களின் சராசரி என்ன? எந்த எல்லைக்குள் நூற்றுக்கு 95 வித்தியாசங்கள் அடங்குகின்றன? உலகத்தில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் மருத்துவக் கட்டுரைகளில் இதுவும் ஒன்று.

அந்த எல்லைதான் முக்கியம். சராசரி மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். ஓர் ஆபீஸில் பத்துப் பேர். ஐந்து பேர் ஒரு மணி நேரம் முன்னதாக வருகிறார்கள். ஐந்து பேர் ஒரு மணி நேரம் லேட். சராசரி பார்த்தால் எல்லோரும் டாண் என்று பத்து மணிக்கு வருகிறார்கள்! மேனேஜருக்கு விருது கொடுக்கலாம். ஸ்கேனும் பாதிப் பேருக்கு 8 கூட்டிச் சொல்லி, மீதிப் பேருக்கு 8 குறைத்துச் சொன்னால், சராசரித் தவறு பூஜ்யம். ஆனால் உங்கள் குழந்தையின் எண் சராசரி அல்லவே. அது ஒரே ஓர் எண்.

இதைவிட நுணுக்கமான கேள்வி ஒன்று உண்டு. யாருடைய ரத்தத்தை வைத்துச் சரிபார்த்தார்கள்?

மூளையிலிருந்து திரும்பும் ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்க 2008-ல் அமெரிக்காவில் ஒரு முறை வந்தது. ஹான்ஸாங் லூவும் யூலின் கேயும் தந்தது. அதன் நீளமான பெயரைச் சுருக்கினால் 'டிரஸ்ட்' என்று வரும். நம்பிக்கை! பெயரே இப்படி இருந்தால் நம் ஊரில் சீட்டுக் கம்பெனி என்று நினைத்து யாரும் கிட்டப் போக மாட்டார்கள். ஆனால் இவர்கள் நேர்மையானவர்கள், கணக்கைத் திறந்து வைத்தார்கள். 2012-ல் வெளியான அதன் ஃபார்முலா மாட்டு ரத்தத்தில் தயாரானது. சிரிக்காதீர்கள். மாட்டு ரத்தம் நிறையக் கிடைக்கும், ஆரோக்கியமான மனித ரத்தத்தோடு ஓரளவு ஒத்துப்போகும்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்களிடம். இந்த நோயில் சிவப்பணு வளைந்து அரிவாள் மாதிரி ஆகிவிடும். மூளைக்கு ஆக்ஸிஜன் போதுகிறதா, பக்கவாதம் வருமா என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்னை. (நமக்கும் தூரத்து விஷயம் இல்லை. 1952-லேயே நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த ரத்தக் குறைபாடு பதிவாகியிருக்கிறது.) இந்த நோயாளிகளை அளந்த ஓர் ஆய்வுக் குழு, அவர்கள் மூளை வழக்கத்தைவிட அதிகமாக ஆக்ஸிஜனை உறிஞ்சுகிறது என்றது. இன்னொரு குழு, இல்லை, குறைவாக உறிஞ்சுகிறது என்றது. ஒரே நோய், ஒரே வகை மெஷின், நேர் எதிரான தீர்ப்பு! முக்கியக் காரணமாகத் தெரியவந்தது, எந்த ரத்தத்தில் தயாரான ஃபார்முலா என்பதுதான். 2018-ல் அரிவாள் செல் நோயாளிகளின் ரத்தத்தை வைத்தே தனி ஃபார்முலா தயாரித்து வெளியிட்டார்கள்.

கர்ப்பத்தில் இருக்கும் சிசுவுக்கும் இதே கதை. அதன் ஹீமோகுளோபின் வேறு வகை. வயிற்றுக்குள் குழாய் விட்டு அளக்கவும் முடியாது. கனடாவின் டொரான்டோவில் பிரசவத்துக்குப் பிறகு தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து, அதற்குத் தனிக் கணக்கு போட்டார்கள். பெரியவர் சட்டையைக் குழந்தைக்கு மாட்டினால் சட்டை இருக்கும். குழந்தையைத் தேட வேண்டும்.

'எம்.ஆர்.ஐ. எல்லாம் பெரிய இடத்து விவகாரம். நமக்கென்ன?' என்கிறீர்களா? உங்கள் வீட்டு அலமாரியில் தைலத்துக்கும் பழைய தெர்மாமீட்டருக்கும் நடுவே ஒரு சின்ன வஸ்து கிடக்கும், தேடிப் பாருங்கள். 2021 மே மாதம் ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து அப்பா விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்த ஆக்ஸிமீட்டர். அன்றைக்குத் தமிழ்நாட்டில் திருக்குறள் தெரியாதவர்களுக்குக்கூட 94 தெரியும். 94-க்கு மேலே என்றால் வீடு. கீழே போனால் ஆம்புலன்ஸ், பெட்டுக்கு அலைச்சல்.

இந்தக் கருவிக்கு மூலகர்த்தா ஜப்பானின் தகுவோ அவோயாகி. காதில் ஒளி பாய்ச்சி வேறு எதையோ அளக்க முயன்றபோது, நாடித் துடிப்பு குறுக்கே வந்து கிராஃபை ஆட்டிக்கொண்டே இருந்தது. தொந்தரவு என்று தள்ளாமல், இந்தத் துடிப்பில்தான் நல்ல ரத்தத்தின் கணக்கு இருக்கிறது என்று 1974-ல் பிடித்தார். உலகமே அவர் யோசனையை விரலில் மாட்டிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில், 84 வயதில் காலமானார்.

இதுவும் ஆக்ஸிஜனைப் பார்ப்பதில்லை. சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் எவ்வளவு விழுங்கப்படுகின்றன என்று பார்த்து, ஃபார்முலா போட்டுச் சொல்கிறது. அந்த ஃபார்முலா எங்கிருந்து வந்தது? ஆரோக்கியமான ஆட்களைக் கூட்டி வந்து, ஆக்ஸிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கவைத்து, படிப்படியாக 70 சதவிகிதம் வரை இறக்கி, மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து ஒப்பிட்டார்கள். அதற்குக் கீழே இறக்குவது ஆபத்து. அதனால் 70-க்குக் கீழே மெஷின் சொல்வதெல்லாம் நீட்டிப் போட்ட கோடு. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2013-ல் தந்த வழிகாட்டுதலில், குறைந்தது 10 பேர், 200 அளவுகள் போதும். அதில் கறுத்த சருமம் உள்ளவர்கள் இரண்டு பேர், அல்லது 15 சதவிகிதம்.

இரண்டே பேர்! நம் ஊர்க் கல்யாண விளம்பரத்தில் 'மாநிறம்' என்று ஒரே வார்த்தையில் எத்தனை நிறங்களை அடைக்கிறோம்? அதில் யாருக்குச் சரிபார்த்தார்கள்?

ஒளி என்பதால் சருமத்தின் நிறமும் அதை விழுங்கும். கறுத்த சருமத்தில் ஆக்ஸிஜன் குறையும்போது இந்தக் கருவி கூட்டிச் சொல்கிறது என்று 1990-லும் 2005-லும் ஆய்வாளர்கள் எழுதினார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து ஒரு கணக்கு வந்தது. ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோது, ரத்தம் எடுத்துப் பார்த்தால் உண்மையில் 88-க்கும் கீழே இருந்த அளவுகள் வெள்ளையரிடம் 3.6 சதவிகிதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவிகிதம். மூன்று மடங்கு! 'பரவாயில்லை' என்று மெஷின் சொன்ன நேரத்தில் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்து கிடந்தவர்கள் இவர்கள். 2021 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை வெளியிட்டது. 2025 ஜனவரியில் வந்த வரைவு வழிகாட்டுதலில் 10 பேர் போதாது, 150 பேராவது வேண்டும், எல்லா நிறத்தவரும் இருக்க வேண்டும் என்று சொன்னது. கருவி விரலுக்கு வந்து கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழித்து!

அதற்காக ஆக்ஸிமீட்டரைக் குப்பையில் போட வேண்டாம். எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. உபயோகிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவே. விரல் சூடாக இருக்கட்டும். நகப்பூச்சு வேண்டாம். கையை ஆட்டாமல் நம்பர் நிலைக்கும் வரை பொறுங்கள். ஒரு தடவை வந்த எண்ணைவிட, நேற்று 97, இன்று காலை 95, இப்போது 93 என்று இறங்குகிறதே, அந்தப் போக்குதான் பெரிய செய்தி. 94 என்பது சிமென்ட் சுவர் இல்லை. இரண்டு மூன்று புள்ளி இப்படி அப்படி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, மெஷின் 97 காட்டினாலும் அப்பாவுக்கு மூச்சு வாங்கினால், மெஷினை வைத்துவிட்டு அப்பாவைத் தூக்குங்கள்.

ஸ்கேன் விஷயத்தில் மூன்றே கேள்வி. எதோடு ஒப்பிட்டார்கள்? யாரிடம் ஒப்பிட்டார்கள்? வித்தியாசம் அதிகபட்சம் எவ்வளவு? டாக்டரிடம் மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்.

ஆடிட்டர் ஆபீஸ் நண்பனுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, அவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டான்:

'எல்லாம் சரி மாப்ளே. அந்த லேப் கருவியை யாரு ஆடிட் பண்றா?'

அடுத்த வாரம் பார்ப்போம்.